தீக்கு முந்திக் கிளம்புவது எப்படி?

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு மேலே, கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைப் பிற்பகலில் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. மேலிருந்து அவர்கள் இறங்க, கீழிருந்து தீ ஏறி வந்தது. சரிவு முழுக்கக் காய்ந்த புல். புகையில் வழி தெரியாமல் சிதறி ஓடியதில் சிலர் பாறைப் பள்ளத்துக்குள் சிக்கினார்கள். அங்கேயே இறந்தவர்கள் போக, தீக்காயத்தோடு மருத்துவமனைகளில் போராடி இறந்தவர்களையும் சேர்த்தால் பலியானோர் 20 பேருக்கும் மேல்.

சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து ஹெலிகாப்டர்கள் வரவழைக்கப்பட்டன. ஆனால் பொழுது சாய்ந்த பிறகு அந்தச் சரிவில் ஹெலிகாப்டரால் ஆகக்கூடியது அதிகமில்லை. இருட்டில் மலையேறி, காயம்பட்டவர்களைத் தேடித் தூக்கி வந்ததில் பெரும்பங்கு உள்ளூர்க்காரர்களுடையது. குரங்கணி ஊர்மக்கள், தோட்டத் தொழிலாளர்கள், வனத்துறைப் பணியாளர்கள் என்று வழி தெரிந்தவர்கள் போனார்கள்.

மலையேற வந்தவர்கள் ஒரு நாள் விருந்தாளிகள். அதே மலைத்தொடரில் முதுவாக்குடி போன்ற முதுவர் குடியிருப்புகள் எல்லாக் கோடையிலும் அங்கேயே இருக்கின்றன. முதுமலையில் குறும்பரும் காட்டுநாயக்கரும், சத்தியமங்கலத்தில் ஊராளியும் சோளகரும் அப்படித்தான். அடுத்த தீ ஒரு குடியிருப்பை நோக்கி வந்தால் அவர்களை யார், எப்போது, எந்த வழியாக, எங்கே அழைத்துப்போவது? பதில் சொல்ல வேண்டுமானால் தீ எப்படி நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சரிவில் தீயின் கணக்கு

புல்லும் சருகும் நேராக எரிவதில்லை. முதலில் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாக வேண்டும். பிறகு சூடு 300 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தாவரப் பொருள் சிதைந்து வாயுக்களை வெளிவிடும். அந்த வாயு எரிவதைத்தான் நாம் சுவாலையாகப் பார்க்கிறோம். ஆகவே தீ எவ்வளவு வேகமாகப் போகும் என்பது, தனக்கு முன்னால் இருக்கும் புல்லை அது எவ்வளவு சீக்கிரம் காயவைத்துச் சூடேற்றுகிறது என்பதைப் பொறுத்தது.

புல் மெல்லியது. காற்றில் ஈரம் குறைந்தால் காய்ந்த புல்லின் ஈரமும் ஒரு மணி நேரத்துக்குள் குறைந்துவிடும். பருத்த மரக்கட்டைக்கு அதே மாற்றம் வாரக்கணக்கில் ஆகும். காலையில் பனியில் நனைந்து கிடந்த சரிவு பிற்பகல் இரண்டு மணிக்குப் பற்றி எரிவது இதனால்தான். காலையில் பார்த்துவிட்டு ‘இன்றைக்கு ஒன்றும் ஆகாது’ என்று முடிவு கட்டினால் மலை ஏமாற்றிவிடும்.

அடுத்தது சரிவு. சமதரையில் சுவாலை மேல்நோக்கி நிற்கும். சரிவில் எரியும் தீயின் சுவாலை மேட்டுப் பக்கமாகச் சாய்ந்து, அங்கிருக்கும் புல்லுக்கு மிக அருகில் போய்விடும். சூடான காற்றும் அதே திசையில் ஏறும். மேலே உள்ள புல் தீ வந்து சேரும் முன்பே வெந்து தயாராகிவிடும். சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது தீயணைப்போர் உலகெங்கும் பயன்படுத்தும் தோராயக் கணக்கு. சமதரையில் மணிக்கு ஒரு கிலோமீட்டர் போகும் புல்தீ 30 டிகிரி சரிவில் எட்டு கிலோமீட்டர் போகும். அதே சரிவில் மேலே ஏறும் மனிதனால் மணிக்கு இரண்டு கிலோமீட்டர் தாண்டுவதே பெரும்பாடு. தீக்கு மேட்டுப் பக்கம் ஓடக்கூடாது என்று சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்த எளிய வகுத்தல்தான்.

பகலில் வெயில் சரிவைச் சூடாக்குவதால் காற்றும் பள்ளத்தாக்கிலிருந்து மேலேறும். பொழுது இறங்கியபின் குளிர்ந்த காற்று கீழே இறங்கும். இரண்டு பக்கமும் மேடாக இருக்கும் ஓடைப் பள்ளங்கள் பகலில் புகைபோக்கியாகவே மாறிவிடும். ஏறுவதற்கு வசதியாகத் தெரியும் அந்தப் பள்ளங்களில்தான் தீயும் மிக வேகமாக ஏறும்.

எங்கே நின்றால் பிழைக்கலாம்? ஏற்கெனவே எரிந்து ஆறிய இடம், பெரிய பாறைத் தளம், உழுத நிலம், ஆற்றுமணல் என எரிய எதுவும் இல்லாத இடங்கள். ஆனால் சுவாலை தொடாவிட்டாலும் அதன் கதிர்வெப்பம் கொல்லும். சுவாலையின் உயரத்தைப்போல நான்கு மடங்கு தூரமாவது நடுவே வேண்டும் என்பது வழக்கமான விதி. பத்தடிச் சுவாலைக்கு நாற்பதடி. சரிவும் காற்றும் சேர்ந்தால் அதற்கும் மேல். பச்சைத் தழையால் அடித்து அணைக்கும் முயற்சியும் ஓரளவுதான். சுவாலை நான்கடியைத் தாண்டிவிட்டால் தீயின் முகப்பில் ஆள் நிற்க முடியாது.

கிளம்பும் நேரத்தை முன்கூட்டியே குறிப்பது

இந்தக் கணக்கை ஒரு குடியிருப்புக்குப் பொருத்திப் பார்ப்போம். நாற்பது குடும்பங்கள். வயதானவர்கள், கைக்குழந்தைகள், நடக்க முடியாத ஒருவர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சேதி எல்லா வீட்டுக்கும் போய், தேன் எடுக்கவும் ஆடு மேய்க்கவும் போனவர்களைக் கூப்பிட்டுச் சேர்க்க ஒரு மணி நேரம். டோலி கட்டித் தூக்க வேண்டியவர்களையும் கூட்டிக்கொண்டு சாலைக்கு இறங்க இரண்டு மணி நேரம். ஆக மூன்று மணி நேரம் வேண்டும். தீ மணிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்றால், அது மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும்போதே ஊர் கிளம்பியாக வேண்டும். அங்கே ஓர் ஓடையோ பாறைமுகடோ இருந்தால் அதையே அடையாளமாக வைத்துக்கொள்ளலாம்: தீ அதைத் தாண்டியதும் யாரையும் கேட்காமல் கிளம்ப வேண்டியது.

தீ சரிவில் ஏறி மணிக்கு நான்கு கிலோமீட்டர் வேகத்தில் வந்தால்? அடையாளத்தைப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் வைக்க வேண்டும். அவ்வளவு தூரத்துத் தீ இந்த ஊருக்கு வருமா என்று யாராலும் சொல்ல முடியாது. எனவே சில ஊர்களுக்கு வெளியேறுவது என்பதே ஆபத்தான யோசனை. பாதி வழியில், காட்டுக்கு நடுவே, தீயிடம் சிக்கிக்கொள்ள நேரும். அப்படிப்பட்ட ஊருக்கு, ஊருக்குள்ளேயே ஓர் ஒதுங்கிடம் வேண்டும். சுற்றிலும் புல்லும் சருகும் அகற்றிய பள்ளிக் கட்டடம் அல்லது மேய்ச்சல் தரை, பக்கத்தில் தண்ணீர்த்தொட்டி. எந்த ஊர் கிளம்ப வேண்டும், எந்த ஊர் இருந்த இடத்திலேயே ஒதுங்க வேண்டும் என்பதைத் தீ மூண்ட பிறகு மாவட்டத் தலைநகரில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. கோடைக்கு முன்பே அந்த வழிகளில் நடந்து பார்த்தவர்கள்தான் சொல்ல முடியும்.

எச்சரிக்கைக்குச் செயற்கைக்கோள் இருக்கிறதே என்று தோன்றும். டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் படங்களிலிருந்து தீப்பிடித்த இடங்களைக் கண்டறிந்து குறுஞ்செய்தி அனுப்புகிறது. பயனுள்ள ஏற்பாடுதான். ஆனால் அதற்குப் பயன்படும் கருவிகளில் நுட்பமானதுகூட நிலத்தை 375 மீட்டர் கட்டங்களாகத்தான் பார்க்கிறது. ஒரு நாளில் சில முறை மட்டுமே தலைக்கு மேல் கடந்து போகிறது. மரக்கூரைக்குக் கீழே சருகில் ஊரும் சிறு தீ அதன் கண்ணில் படாமல் போகலாம். செல்போன் கோபுரம் எட்டாத குடியிருப்புக்கு அந்தக் குறுஞ்செய்தி வரவும் வராது. எதிர்மலையில் எழும் புகையின் நிறத்தைப் பார்த்தே எரிவது புல்லா மரமா என்று சொல்லக்கூடியவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் கையில் ஒரு வாக்கிடாக்கி இருந்தால் எச்சரிக்கை இரு வழியிலும் போகும்.

எச்சரிக்கை எந்த வடிவில் வருகிறது என்பதும் உயிர்ப் பிரச்சினை. 2023 ஆகஸ்ட் 8 அன்று ஹவாய் தீவுகளில் மாவி தீவின் லஹைனா நகரம் எரிந்து 102 பேர் இறந்தார்கள். கைவிடப்பட்ட கரும்புத் தோட்டங்களில் மண்டிக் காய்ந்திருந்த கினியாப் புல் தீக்கு நல்ல தீனியானது. நம்மூரில் மாட்டுத் தீவனத்துக்கு வளர்க்கும் அதே புல்தான். தீவு முழுவதும் அபாயச் சங்குகள் இருந்தும் அன்று ஊதப்படவில்லை. அந்தச் சங்கைச் சுனாமிக்கானது என்றே மக்கள் பழகியிருந்தார்கள். ஊதினால் மலைப்பக்கம், அதாவது தீயை நோக்கி, ஓடிவிடுவார்கள் என்று அதிகாரி விளக்கம் சொன்னார். அந்த விளக்கத்தை ஏற்பதோ மறுப்பதோ இருக்கட்டும். எந்த ஒலிக்கு எந்தத் திசை என்று முன்பே சொல்லித்தராத சங்கு, உள்ளதும் ஒன்றுதான் இல்லாததும் ஒன்றுதான்.

போய்ச் சேர்ந்த பிறகு

பழங்குடி ஊர்களைத் தீயிலிருந்து வெளியேற்றுவதில் கனடாவுக்கு நிறைய அனுபவம் உண்டு. அந்நாட்டின் வடபகுதிக் காடுகளுக்குள் இருக்கும் பல பழங்குடி ஊர்களுக்குக் கோடையில் சாலையே கிடையாது. 2023 மே மாதம் ஆல்பர்ட்டா மாநிலத்தின் ஃபாக்ஸ் லேக் என்ற கிரீ பழங்குடி ஊரை விட்டு 3,000-க்கும் மேற்பட்டோர் வெளியேற வேண்டியிருந்தது. வழி, பீஸ் ஆற்றைக் கடப்பதுதான். மிதவையிலும் படகிலும் ஆறு கடந்தார்கள். ஊரில் ஏராளமான வீடுகள் எரிந்துபோயின. அதே மாதக் கடைசியில் ஃபோர்ட் சிப்பவையன் ஊர்க்காரர்கள் விமானத்திலும் படகிலும் கிளம்பினார்கள்.

உயிர் தப்பியதோடு கதை முடிந்துவிடுவதில்லை. ஏமி கார்டினல் கிறிஸ்டியன்சன் என்ற மெட்டி பழங்குடி ஆய்வாளரும் டாரா மெக்கீ என்ற புவியியலாளரும், வெளியேற்றப்பட்ட பழங்குடி ஊர்களோடு சேர்ந்து பல ஆண்டுகள் ஆய்வு செய்தார்கள். 2011-ல் ஒன்டாரியோ மாநிலத்தின் சாண்டி லேக் ஊர் வெளியேற்றப்பட்டபோது மக்களை ஒரே இடத்தில் வைக்க இடமில்லாமல் வெவ்வேறு நகரங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். நோயாளிகள், முதியவர்கள், கர்ப்பிணிகள் முதல் விமானத்தில் என்பது கேட்க நியாயமான வரிசைதான். ஆனால் தாய்மொழி மட்டுமே பேசும் மூதாட்டி, மொழிபெயர்க்கப் பேரப்பிள்ளை பக்கத்தில் இல்லாமல் எங்கோ ஒரு விளையாட்டரங்கக் கட்டிலில் வாரக்கணக்கில் கிடப்பார். யார் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று குடும்பங்களுக்குத் தெரியாது. பழக்கமில்லாத சாப்பாடு, அந்நியர்களின் பார்வை வேறு.

ஆய்வுகளிலிருந்து திரண்டு வந்த யோசனைகள் மிக எளியவை. குடும்பத்தைப் பிரிக்காதே. முதியவரோடு மொழி தெரிந்த ஒருவரை அனுப்பு. தங்கவைக்கும் ஊரோடு முன்கூட்டியே பேசி வை. முடிந்தால் உறவுமுறை உள்ள பக்கத்துப் பழங்குடி ஊருக்கே அனுப்பு. தீயணைக்கத் தெரிந்த ஊர் ஆட்களைக் கட்டாயப்படுத்தி வெளியேற்றாமல் பயிற்சி பெற்ற குழுவாக அங்கேயே வைத்துக்கொள். முடிவெடுக்கும் மேசையில் ஊர்த் தலைவருக்கு நாற்காலி போடு.

தமிழ்நாட்டுக்கு இதில் பாதி பழகிய வேலை. 2004 சுனாமிக்குப் பிறகும், 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலுக்குப் பிறகும், ஊரையே கிளப்பி முகாமில் வைப்பது கடலூர் மாவட்டத்துக்குத் தெரியும். புயல் பாதுகாப்பு மையம், சமையல், பள்ளிக்கூடத்தில் பாய் விரிப்பது வரை வருவாய்த்துறைக்கு மனப்பாடம். ஆனால் புயல் நாள்கணக்கில் முன்னறிவிப்பு தரும். காட்டுத்தீ தருவது மணிக்கணக்குதான். நிவாரணக் கணக்கும் வேறு. பயிர் போனால் நில ஆவணத்தைப் பார்த்து இழப்பீடு தருவார்கள். தேன், கடுக்காய், நெல்லிக்காய், சீமாறுப் புல் எடுத்துப் பிழைக்கும் குடும்பத்துக்குக் காடே வயல். ஆனால் அந்த வயலுக்குப் பட்டா கிடையாது. எரிந்த காடு அடுத்த பருவத்துக்குள் காய்க்குமா? அந்த இடைவெளியில் அவர்கள் எதைத் தின்பது என்பதை எந்தப் படிவமும் கேட்பதில்லை. குடிசையோடு சாதிச் சான்றிதழும் வன உரிமைப் பத்திரமும் எரிந்துபோனால், அவற்றைத் திரும்ப வாங்குவது தீயில் தப்பியதை விடப் பெரிய போராட்டம்.

புகை வந்தாலும் வெளியேற்றம்தான்

கடலூர் மாவட்டக் கம்மாபுரத்தில் உட்கார்ந்து இதைப் படிப்பவருக்கு மலையும் காட்டுத்தீயும் தொலைவாகத் தோன்றலாம். பக்கத்தில் நெய்வேலி. நிலத்தடியில் பழுப்பு நிலக்கரி. அதே பழுப்பு நிலக்கரி மேல் வாழும் ஆஸ்திரேலிய ஊர் ஒன்றின் கதை நமக்கு ரொம்பவே நெருக்கமானது.

விக்டோரியா மாநிலத்தின் லாட்ரோப் பள்ளத்தாக்கு குனைகுர்னை பழங்குடிகளின் பூர்வ நிலம். அங்கே மோர்வெல் என்ற நகரத்தை ஒட்டினாற்போல் ஹேசல்வுட் திறந்தவெளிச் சுரங்கம் இருந்தது. 2014 பிப்ரவரி 9 அன்று சுற்றுவட்டாரக் காட்டுத்தீயிலிருந்து பறந்த தணல் சுரங்கத்துக்குள் விழுந்தது. பழுப்பு நிலக்கரி காய்ந்து காற்றுப் பட்டால் ஆக்சிஜனோடு வினைபுரிந்து தானே சூடேறும் இயல்புடையது. வெளித்தீ விழுந்தால் கேட்கவே வேண்டாம். விரிசல்களுக்குள் காற்று புகுந்துகொண்டே இருக்க, மேலே தண்ணீர் அடித்தாலும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். 45 நாள் எரிந்தது. மோர்வெல் மீது சாம்பலும் புகையும் கவிந்தன.

புகையில் கண்ணை எரிக்கும் துகளைவிடக் கண்ணுக்குத் தெரியாத துகளே ஆபத்தானது. 2.5 மைக்ரானுக்கும் குறைவான நுண்துகள் நுரையீரலின் கடைசி அறை வரை போய் ரத்தத்திலும் கலக்கும். ஒரு நாள் சராசரியாகக் கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்; இந்தியாவின் வரம்பு 60. துணியை நனைத்து மூக்கில் கட்டினால் சாம்பல் நிற்கும், இந்த நுண்துகள் நிற்காது. என்95 முகக்கவசம் வேண்டும். கனலும் நிலக்கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடும் வரும். அதை இந்தக் கவசம் வடிகட்டாது. விலகிப்போவது ஒன்றே வழி.

மோர்வெல்லின் தென்பகுதியில் இருக்கும் முதியவர்களும் கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் தற்காலிகமாக வெளியேறலாம் என்று சுகாதாரத்துறை அறிவித்தது பிப்ரவரி 28 அன்று, தீப்பிடித்து 19 நாள் கழித்து. பிறகு நடந்த விசாரணை அது மிகத் தாமதம் என்று பதிவு செய்தது. சுவாலையைப் பார்த்தால் உடனே ஓடச் சொல்லும் நிர்வாகம் புகையைப் பார்த்தால் யோசித்துக்கொண்டே இருக்கும் என்பதற்கு அது சாட்சி.

குளிர்ந்த தீ

வெளியேற்றத்தை விட மேலானது, வெளியேற வேண்டிய அவசியமே வராமல் பார்ப்பது. கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கசாமி மலையில் வாழும் சோளகர்கள் கோடை முற்றும் முன்பே தரையில் கிடக்கும் சருகை மட்டும் எரிக்கும் வழக்கம் வைத்திருந்தார்கள். மெல்ல ஊரும் அந்தத் தீ மரத்தைத் தொடாது. சருகு சேராததால் பின்னால் பெருந்தீயும் வராது. நெல்லி மரத்தில் தொற்றும் புல்லுருவியையும் அது அடக்கியது என்கிறார்கள். ஆங்கிலேயர் காலத்து வனச் சட்டங்கள் காட்டில் தீ வைப்பதைக் குற்றமாக்கின. காலப்போக்கில் அந்தத் தீ நின்றது. அதன் பிறகுதான் உண்ணிச்செடி காடு முழுக்க மண்டியது என்பது சோளகர்களின் கணிப்பு. பெங்களூருவின் ஏட்ரீ ஆய்வு நிறுவனத்தினர் அந்த மலையில் எடுத்த அளவுகளும் உண்ணிச்செடியின் பெருக்கத்தை உறுதி செய்கின்றன. இன்று அந்த உலர்ந்த புதருக்குள் தீ வைத்தால் அது சருகுத்தீயாக நிற்காது, மர உச்சிக்கு ஏறிவிடும். ஆகையால் பழைய வழக்கத்தை அப்படியே திருப்பிக் கொண்டுவருவதும் நடவாத காரியம். முதலில் புதரை அகற்ற வேண்டும், பிறகுதான் எரிப்பதைப் பற்றிப் பேச முடியும்.

வட ஆஸ்திரேலியாவின் மேற்கு ஆர்ன்ஹெம் பகுதியில் பூர்வகுடி வனக்காவலர்கள் 2006 முதல் வறண்ட பருவத்தின் தொடக்கத்திலேயே சிறு சிறு தீ வைத்துப் பெருந்தீயைக் குறைக்கிறார்கள். குறையும் பசுமைக்குடில் வாயுக்களுக்குக் கணக்குப் பார்த்து அவர்களுக்குப் பணமும் வருகிறது. அறிவுக்குச் சம்பளம் தரும் ஏற்பாடு அது. இங்கே தீத்தடுப்புக் கோடு வெட்டவும் தீக்காவலுக்கும் பழங்குடியினரைத்தான் எடுக்கிறோம், ஆனால் பருவக் கூலியாக. எங்கே வெட்ட வேண்டும் என்று முடிவெடுக்கும் இடத்தில் அவர்கள் இல்லை. 2006-ன் வன உரிமைச் சட்டம் காட்டைப் பாதுகாக்கும் பொறுப்பையும் அதிகாரத்தையும் கிராம சபைக்குத் தந்திருக்கிறது. சட்டம் தந்த அந்த இடத்தை நிர்வாகம் இன்னும் காலி செய்து கொடுக்கவில்லை.

தமிழ்நாட்டில் காட்டுத்தீக் காலம் பிப்ரவரியில் தொடங்குகிறது. அதற்குச் சற்று முன்பு, ஜனவரி 26 அன்று, எல்லா ஊராட்சியிலும் கிராம சபை கூடுகிறது. காட்டோரத்து ஊராட்சிகளில் அன்றைய பொருள்நிரலில் ஒரே ஒரு தாள் சேர்த்தால் போதும்: தீ எந்த ஓடையைத் தாண்டினால் கிளம்புவது, யாரை யார் தூக்குவது, எந்தப் பாறையில் ஒதுங்குவது, எந்த ஊரில் தங்குவது, சான்றிதழ்களின் நகல் யாரிடம் இருக்கும். கடலூர் மாவட்டத்தில் ஏரிக்கரையிலும் வாய்க்கால் கரையிலும் கூரைக் குடிசைகளில் இருக்கும் இருளர் குடியிருப்புகளுக்கும் இதே தாள் பொருந்தும். அங்கே காடு இல்லை, ஆனால் கோடைக் காற்றும் காய்ந்த கூரையும் இருக்கின்றன. தாளின் அடியில் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077, தீயணைப்புத் துறையின் 101, ஆம்புலன்ஸ் 108 ஆகிய எண்களை எழுதி, படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒருமுறை வாசித்தும் காட்டுங்கள். செலவில்லாத இந்த வேலையை ஜனவரியில் முடித்துவிட்டால், மார்ச்சில் ஹெலிகாப்டருக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.